இழுப்பது சுலபம், நிறுத்துவதுதான் பெரிது!

குற்றாலத்தில் சாரல் அடிக்கத் தொடங்கினால் போதும். தென்காசி ரோட்டில் கார்கள் எறும்புச் சாரிபோல் ஊரும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்டு. இந்த மூன்று மாதமும் சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று ஆசை தீரக் குளிப்பார்கள். குளித்த கையோடு, "அப்படியே ஆரியங்காவுக்கும் ஒரு நடை போய் வரலாமே" என்று மலை ஏறுகிற குடும்பங்கள் பல.

அப்படிப் போய்த் திரும்புகிற ஒரு கார், மலைப்பாதையில் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சாவியைத் திருகினால் "கிர்... கிர்" என்கிறது. புறப்பட மாட்டேன் என்கிறது. பொழுது சாய்கிறது. சாரல் வேறு. காருக்குள்ளே பாட்டி, அம்மா, இரண்டு குழந்தைகள்.

அந்த நேரத்தில் ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கிறது.

"என்ன அண்ணாச்சி, வண்டி மக்கர் பண்ணுதா?"

"ஆமா தம்பி. என்ன செஞ்சும் கிளம்ப மாட்டேங்குது."

"கவலைப்படாதீய. நம்ம கிட்ட கயிறு கெடக்கு. கட்டி இழுத்துட்டுப் போயி செங்கோட்டையில விட்டுருதேன்."

நல்ல மனசு! தெரியாத ஊரில், இருட்டுகிற நேரத்தில், இப்படி ஒரு குரல் கேட்டால் யாருக்குத்தான் உயிர் வராது?

ஆனால், கயிற்றைக் கட்டுவதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் யோசிக்க வேண்டும். அவர்கள் நிற்கிற இடம் இறக்கம். இறக்கத்தில் ஒரு வண்டியை இழுக்க வேண்டியதே இல்லை. அது தானாகவே வரும். வந்து, இழுக்கிறவன் முதுகில் மோதும்!

புளியரை வளைவு

கொல்லத்தில் இருந்து திருமங்கலம் வரை போகிற தேசிய நெடுஞ்சாலைக்கு எண் 744. பழைய எண் 208. புனலூர், தென்மலை, ஆரியங்காவு தாண்டி, கோட்டைவாசலில் கேரள எல்லை முடிகிறது. அங்கிருந்து புளியரை வரை ரோடு வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. அதில் ஒரு வளைவுக்குப் பெயரே "எஸ் வளைவு". ஆங்கில எழுத்தைப் போல இந்தப் பக்கம் ஒரு திருப்பம், உடனே அந்தப் பக்கம் ஒரு திருப்பம்.

இரவு பகல் என்று பாராமல் லாரிகள் ஓடுகிற பாதை இது. பக்கத்திலேயே, மலை இடுக்கில், ரயில் பாதையும் ஓடுகிறது.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி. நள்ளிரவு கடந்த நேரம். கேரளத்தில் இருந்து பிளைவுட் பலகை ஏற்றி வந்த ஒரு லாரி, இந்த எஸ் வளைவுப் பகுதியில் நிலை தவறியது. ரோட்டை விட்டு உருண்டது. கீழே இருந்த தண்டவாளத்தில் போய் விழுந்தது. டிரைவர் இறந்துவிட்டார்.

சத்தம் கேட்டு, அருகில் குடியிருந்த வயதான கணவனும் மனைவியும் எழுந்து ஓடி வந்தார்கள். தண்டவாளத்தில் லாரி கிடக்கிறது. தூரத்திலே ரயில் வருகிற ஓசை!

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் இருந்த டார்ச் லைட்டை ஆட்டிக்கொண்டே, ரயில் வருகிற திசையை நோக்கித் தண்டவாளத்தில் ஓடினார்கள். ரயில் டிரைவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். ரயில் நின்றது. பெரிய விபத்து தப்பியது. முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்தத் தம்பதியைப் பாராட்டி 5 லட்சம் ரூபாய் வழங்கினார்.

அந்த லாரி எந்த வண்டியையும் இழுத்து வரவில்லை. தன் பாரத்தைத்தான் சுமந்து வந்தது. இந்த மலையில் பாரம் ஒருமுறை கை நழுவினால், அது எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொரு வண்டியையும் சேர்த்துக் கட்டுவது என்றால் லேசான காரியமா?

கயிறு நிறுத்துமா?

கயிற்றுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். இழுக்கும். தள்ளாது, தடுக்காது, நிறுத்தாது.

முன்னால் போகிற பிக்கப் பிரேக் போட்டால், பின்னால் வருகிற கார் தன் பிரேக்கைத் தானேதான் போட்டுக்கொள்ள வேண்டும். சரி, அந்தக் காரில் ஒருவர் உட்கார்ந்து பிரேக் போடட்டுமே என்பீர்கள். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

இந்தக் காலத்துக் காரில் பிரேக்கை மிதிக்கும்போது நம் கால் மட்டும் வேலை செய்வதில்லை. எஞ்சின் ஓடுவதால் கிடைக்கும் உறிஞ்சு பலமும் சேர்ந்து கொள்கிறது. எஞ்சின் நின்றுவிட்டால் இரண்டு, மூன்று மிதி வரைக்கும்தான் அந்த உதவி. பிறகு பிரேக் கட்டைபோல் இறுகிவிடும். முழு பலத்தோடு மிதித்தாலும் பாதி கூடப் பிடிக்காது. ஸ்டியரிங்கும் அப்படியே. சாதாரணமாக ஒரு விரலால் திருப்புகிற ஸ்டியரிங்கை, இரண்டு கையாலும் மல்லுக்கட்டித் திருப்ப வேண்டி வரும். சாவியை உருவி எடுத்துவிட்டால் இன்னும் மோசம். ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். வளைவு வரும், கார் வளையாது!

இனி கயிற்றின் கதை. அது ஒரு சமயம் தொய்யும். மறு சமயம் வெடுக்கென்று இழுபடும். அந்த வெடுக்கில்தான் அறும். 2024 ஜூன் மாதம் நெல்லையப்பர் தேரோட்டத்தில் வடம் ஒருமுறைக்கு மேல் அறுந்து போனதைப் பார்த்தோம். பனை மரம்போல் பருத்த தேர்வடத்துக்கே அந்தக் கதி என்றால், பிக்கப்பில் கிடக்கிற கிணற்றுக் கயிறு எம்மாத்திரம்? நைலான் கயிறு என்றால் அறுந்த முனை சாட்டைபோல் பாயும். பக்கத்தில் நிற்பவர் முகம் என்ன ஆவது?

1989-ம் ஆண்டு சாலை விதிகளில் இதற்குக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. வேகம் மணிக்கு 24 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது. இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது அதன் முன் சக்கரங்களைத் தரையில் படாமல் தூக்கி வைக்க வேண்டும். இழுத்துச் செல்லப்படும் வண்டி என்பது பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய எழுதி மாட்ட வேண்டும். 2017-ல் அந்த விதிகளை எடுத்துவிட்டுப் புது விதிகள் கொண்டு வந்தார்கள். ஆனாலும் அந்தப் பழைய கணக்கைப் பாருங்கள். 24 கிலோ மீட்டர் என்பது சைக்கிளை வேகமாக மிதித்தால் போகிற வேகம். அதற்கு மேல் கயிற்றை நம்பாதே என்றுதானே அர்த்தம்?

சமதரையில், பகலில், பக்கத்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் என்றால் கயிறு உதவும். மலையில், மழையில், இருட்டில் உதவாது.

ஆகவே, காரை ஓரமாகத் தள்ளுங்கள். நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிடுங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். (புறப்படும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போட மறக்காதீர்கள். நடு ரோட்டில் விட்டுப் போன கல் எத்தனை மோட்டார் சைக்கிள்காரர்களைக் கவிழ்த்திருக்கிறது!) எல்லோரும் காரை விட்டு இறங்கி, ரோட்டை விட்டு விலகி நில்லுங்கள்.

நம் லாரி டிரைவர்கள் பின்னால் பச்சைக் கிளையை ஒடித்துப் போடுவார்கள். பகலுக்கு அது போதும். ராத்திரியில் கிளை கண்ணுக்குத் தெரியுமா? வெளிச்சம் பட்டால் மின்னுகிற சிவப்பு முக்கோணம் காரோடு கொடுத்திருப்பார்களே, அதைத் தூரத்தில் கொண்டுபோய் வையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 என்று ஒரு போன் எண் இருக்கிறது. உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியிலும் இழுவை உதவி சேர்ந்திருக்கலாம். எடுத்துப் பாருங்கள்.

வாடகை டிரெய்லர்

காரின் நான்கு சக்கரமும் தரையில் படாமல், முழுதாக ஏற்றிக்கொண்டு போவதுதான் உத்தமம். முதுகில் ஏற்றிப் போகும் ரெக்கவரி லாரி ஒரு வழி. பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டி, அதில் ஏற்றுவது இன்னொரு வழி.

அமெரிக்காவில் இந்த இரண்டாவது வழி ரொம்பப் பிரபலம். 1945-ல் லியோனார்டு ஷோன் என்பவரும் அவர் மனைவியும் 5 ஆயிரம் டாலர் முதலில் டிரெய்லர் வாடகைத் தொழில் தொடங்கினார்கள். யுத்தம் முடிந்து ஜனங்கள் ஊர் விட்டு ஊர் குடிபோன சமயம் அது. ஓர் ஊரில் எடுத்து, இன்னோர் ஊரில் விட்டுவிடலாம் என்று ஏற்பாடு. அதுதான் யு-ஹால் என்ற பெரிய கம்பெனியாக வளர்ந்தது. இன்று அங்கே சாமானும் காரும் ஏற்றும் டிரெய்லரை நாள் வாடகைக்கு எடுத்து, தங்கள் பிக்கப்பில் தாங்களே மாட்டி ஓட்டுகிறார்கள்.

நம் பக்கத்தில் கார் ஏற்றும் டிரெய்லர் அபூர்வம். நமக்குத் தெரிந்த வாடகை டிரெய்லர் டிராக்டர் டிரெய்லர்தான். நெல் மூட்டை, வைக்கோல், செங்கல், சில சமயம் பழுதான பவர் டில்லர், மோட்டார் சைக்கிள் எல்லாம் அதில்தான் ஏறுகின்றன. எது பின்னால் மாட்டியிருந்தாலும் சங்கதி ஒன்றுதான். அந்தச் சங்கதி அமெரிக்காக்காரனுக்கு முன்பே நம் தாத்தாவுக்குத் தெரியும்!

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவர், எடுத்தவுடன் அடுக்கிவிட மாட்டார். இரண்டு மூட்டை வைப்பார். ஏர்க்காலைப் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். "இன்னும் கொஞ்சம் முன்பாரம் வேணும்டே" என்பார். மூட்டையை ஒரு சாண் நகர்த்தச் சொல்வார். மறுபடியும் தூக்கிப் பார்ப்பார்.

எதற்காக? பாரம் அச்சுக்கு முன்னால் ரொம்ப அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்னால் அதிகமானால் நுகத்தடி மேலே கிளம்பும். பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை நெரிக்கும். ஆகவே நுகம் லேசாகக் கழுத்தில் உட்கார வேண்டும். அதுதான் அளவு.

டிரெய்லருக்கும் இதே விதி. அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். டிரெய்லரும் சாமானும் சேர்ந்த மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு, பிக்கப்பின் கொக்கியில் உட்கார வேண்டும். 2,000 கிலோ என்றால் 200 முதல் 300 கிலோ. சாமானில் பாதிக்கு மேல், பத்தில் ஆறு பங்கு, டிரெய்லரின் முன் பாதியில் இருக்க வேண்டும்.

மாறிப் போனால் என்ன?

மாட்டு வண்டி மெதுவாகப் போகும். அதனால் மாடு மட்டும் கஷ்டப்படும். பிக்கப் வேகமாகப் போகும். பின்பாரம் அதிகமான டிரெய்லர், வேகம் கூடியதும் வாலை ஆட்டத் தொடங்கும். இடது பக்கம் ஓர் ஆட்டு. வலது பக்கம் அதைவிடப் பெரிய ஆட்டு. மூன்றாவது, நான்காவது ஆட்டத்தில் முன்னால் போகிற பிக்கப்பையே பிடித்துச் சுழற்றிக் கவிழ்த்துவிடும்.

இதை விளக்க ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. ஓடுகிற பட்டையின் மேல் ஒரு பொம்மைக் காரும் பொம்மை டிரெய்லரும் வைப்பார்கள். டிரெய்லரின் முன்னால் ஒரு கனத்தை வைத்து விரலால் தட்டினால், இரண்டு ஆட்டு ஆடி நேராகிவிடும். அதே கனத்தைப் பின்னால் மாற்றி வைத்து அதே மாதிரி தட்டினால், ஆட்டம் வளர்ந்துகொண்டே போய்ப் பொம்மைக் காரும் குடை சாயும். வேகம் அதேதான். கனமும் அதேதான். வைத்த இடம்தான் வேறு!

கார் ஏற்றும்போது காரின் மூக்கு பிக்கப்பைப் பார்த்து இருக்க வேண்டும். பெரும்பாலான கார்களில் கனமான எஞ்சின் முன்னால்தானே இருக்கிறது? பின்பக்கமாக ஏற்றினால் அது பின்பாரம் ஆகிவிடும். டிரெய்லரை பிக்கப்பில் மாட்டிய பிறகுதான் காரை ஏற்ற வேண்டும். மாடு அவிழ்த்த வண்டியின் பின்னால் ஏறி நின்றால் என்ன ஆகும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள், சொல்வார்கள்.

குட்டி யானை இழுக்குமா?

டாடா ஏஸ் வண்டிக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் குட்டி யானை. 2005-ல் வந்தது. முக்கால் டன் பாரம் சுமக்கச் செய்த வண்டி. பார்க்கப் பாவமாக இருந்தாலும் ஊரையே சுமக்கிறது. ஆனால், அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

கார் ஏற்றும் டிரெய்லர் வெறுமனே ஒரு டன் கனம் வரும். அதில் ஒன்றரை டன் ஜீப்பை ஏற்றினால் மொத்தம் 2,500 கிலோ. யானைக் குட்டி, தன்னைவிடப் பெரிய யானையை இழுத்துக்கொண்டு மலை இறங்கலாமா?

பின்னால் வருகிற பாரத்தைவிட முன்னால் போகிற வண்டி கனமாக இருந்தால் நல்லது. வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் எடை எழுதியிருக்கும். இழுக்கும் சக்தி எவ்வளவு என்று வண்டிக் கம்பெனி புத்தகத்தில் இருக்கும். "போன மாசம் இதைவிடப் பெரிசை இழுத்தேன்" என்ற பேச்சு கணக்கில் சேராது. அதிகப் பாரத்துக்கு அபராதமும் சாதாரணம் அல்ல. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 20 ஆயிரம் ரூபாய். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2 ஆயிரம்.

டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு எண் உண்டு. வாடகைக்கு எடுக்கும்போது அதன் பதிவையும் இன்சூரன்சையும் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம். டயரைப் பாருங்கள். வாடகை டிரெய்லர் பல நாள் வெயிலில் சும்மா நிற்கும். டயரில் பூ தேயாமலே ரப்பர் வெடித்திருக்கும். காற்றடித்துப் பாருங்கள். சக்கரத்தின் நட்டுகளை நீங்களே ஒருமுறை முறுக்குங்கள்.

ஒரு விரல் அளவு ஆணி

அச்சாணி விஷயம் நமக்குப் புதிதல்ல. எவ்வளவு பெரிய வண்டியும் ஒரு சின்ன ஆணியில்தான் நிற்கிறது.

பிக்கப்பின் குண்டின் மேல் டிரெய்லரின் கிண்ணம் உட்காரும். உட்கார்ந்ததும் பூட்டு விழ வேண்டும். பூட்டில் ஆணி போட வேண்டும். டிராக்டர் என்றால் கொக்கியில் பெரிய பின் மாட்டி, அது துள்ளி வெளியே வராமல் கீழே கிளிப் போட வேண்டும். கிளிப்புக்குப் பதில் கம்பியை முறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. கம்பி தேய்ந்து அறுவது யார் கண்ணுக்கும் தெரியாது.

பூட்டு விழுந்ததா என்று எப்படி அறிவது? டிரெய்லரின் மூக்கை ஜாக்கி வைத்து மேலே தூக்கிப் பாருங்கள். பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் சரி. கிண்ணம் மட்டும் கழன்று வந்தால், நல்லவேளை, வீட்டு வாசலிலேயே கழன்றதே என்று சந்தோஷப்படுங்கள்!

அதோடு இரண்டு இரும்புச் சங்கிலி. இடப்பக்கச் சங்கிலி வலப்பக்கம், வலப்பக்கச் சங்கிலி இடப்பக்கம் என்று குறுக்கே மாட்ட வேண்டும். ஒருவேளை கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு மண்ணில் குத்தாது. குறுக்குச் சங்கிலி தொட்டில்போல் ஏந்திக்கொள்ளும்.

காரை நான்கு மூலையிலும் நாடா போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கை பிரேக் போட்டு, கியரிலும் விடுங்கள். பத்து கிலோ மீட்டர் போனதும் நிறுத்தி மறுபடியும் இறுக்குங்கள். முதல் குலுக்கலில் எந்தக் கட்டும் கொஞ்சம் தளரும்.

டிரெய்லரின் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா, பிரேக் போட்டால் பளிச்சிடுகிறதா, கை காட்டும் விளக்கு மினுக்குகிறதா என்று இன்னொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பாருங்கள். விளக்கு இல்லாத டிரெய்லர் இரவில் நகர்கிற சுவர். அதில் மோதி எத்தனை வீட்டில் விளக்கு அணைந்தது!

குழந்தைகள் ஒன்று கேட்பார்கள். "அப்பா, நாங்க காருக்குள்ளயே உக்காந்து வாறோமே!" டிரெய்லர் மேல் இருக்கும் காரில் உட்கார்ந்து வருவது அவர்களுக்குத் தேர் சவாரி மாதிரி. கூடவே கூடாது. ஏற்றிய காருக்குள் ஆள் இருக்கக்கூடாது. பிக்கப்பின் பின்தட்டிலும் உட்காரக்கூடாது. பாட்டியையும் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.

ரயில் காட்டும் வழி

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே மலையில் ரயில் ஓடத் தொடங்கியது 1904 நவம்பரில். மீட்டர் கேஜை எடுத்து அகலப் பாதை போட்ட பிறகு, 2018-ல் மறுபடி ரயில் விட்டார்கள். இந்த மலையில் முன்னால் ஓர் எஞ்சின், பின்னால் ஓர் எஞ்சின் போட்டு ஓட்டுவது நெடுநாள் வழக்கம். ஏறும்போது பின் எஞ்சின் தள்ளும். இறங்கும்போது பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. ரயிலில் எஞ்சினுக்கு மட்டும் அல்ல, ஒவ்வொரு பெட்டிக்கும் பிரேக் இருக்கிறது. பெட்டி நடுவில் அறுந்துவிட்டால், காற்றுக் குழாய் பிரிந்து எல்லாப் பெட்டியிலும் பிரேக் தானாக விழும். நல்ல டிரெய்லரிலும் இதே ஏற்பாடு இருக்கும். பிரேக் தனியாக, கழன்றால் தானே பிடிக்கிற கம்பி தனியாக. நம் டிராக்டர் டிரெய்லர்களில் பலவற்றுக்குப் பிரேக்கே கிடையாது. அதை மலைப் பக்கம் கொண்டு போகாமல் இருப்பது புத்தி.

இருபது அடிக்கு ஓர் அடி இறங்குகிற சரிவு என்று வையுங்கள். பெரிய சரிவு ஒன்றும் இல்லை. 2,500 கிலோ டிரெய்லர் அதில் இறங்கினால், சுமார் 125 கிலோ பலம் பிக்கப்பைப் பின்னால் இருந்து ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டு ஆள் கனம்! வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கு நான்கு மடங்கு பாடு. பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அது சூடேறிப் பழுக்கும். கருகிய நாற்றம் வரும். அப்புறம் மிதித்தாலும் பிடிக்காது.

ஆகவே, எந்த கியரில் மலை ஏற வேண்டுமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். இறக்கம் ஆரம்பிப்பதற்கு முன்பே கியரைக் குறையுங்கள், பாதியில் முடியாது. பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறார்களே, அவர்களை என்ன சொல்வது? நூறு ரூபாய் டீசலுக்கு வண்டியையும் உயிரையும் பந்தயம் வைக்கிறார்கள்.

வளைவில் இன்னொரு சங்கதி. பிக்கப் போகிற தடத்தில் டிரெய்லர் வராது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். பாறை ஓரம் ஒட்டித் திரும்பினால் டிரெய்லர் சக்கரம் பாறையில் ஏறும். கொஞ்சம் அகலமாகப் போய்த் திரும்புங்கள். எதிரே பஸ் வந்தால் வளைவுக்கு முன்பே நின்று வழி விடுங்கள். சாரலில் நனைந்த ரோடு வழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காற்று வந்தால்

மலை இறங்கிவிட்டோம், இனிப் பயம் இல்லை என்று நினைப்பீர்கள். சீசன் சமயத்தில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வரும். சுரண்டை, ஊத்துமலைப் பக்கம் காற்றாலைகள் சும்மாவா நிற்கின்றன? அந்தக் காற்று டிரெய்லரின் விலாவில் அடிக்கும். ஒரு பெரிய பஸ் உரசினாற்போல் முந்திப் போனாலும் இதே தள்ளுதான்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது? மனசு பிரேக்கை மிதிக்கச் சொல்லும். மிதிக்கக்கூடாது! ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்கச் சொல்லும். ஒடிக்கக்கூடாது! வேகமாகப் போனால் நேராகும் என்பார்கள். அதுவும் கூடாது. ஸ்டியரிங்கை நேராக, கெட்டியாகப் பிடியுங்கள். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிடுங்கள். வேகம் தானே குறைந்து ஆட்டம் அடங்கும். டிரெய்லர் பிரேக்குக்குத் தனி கைப்பிடி இருந்தால் அதை மட்டும் மெல்ல இழுக்கலாம். அடங்கியதும் ஓரத்தில் நிறுத்தி, பாரம் பின்னால் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

யு-ஹால் கம்பெனியார், டிரெய்லர் இழுக்கும்போது மணிக்கு 55 மைல், அதாவது 88 கிலோ மீட்டருக்கு மேல் போகாதே என்கிறார்கள். அது அவர்கள் ஊர் அகல ரோட்டுக்கு. மாடும் ஆடும் குறுக்கே வருகிற நம் ரோட்டுக்கு அதில் பாதியே தாராளம்.

பின்னால் எடுக்கும்போதுதான் பலருக்கு வியர்க்கும். ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலது பக்கம் போகும்! சீசன் கூட்டத்தில், ஐந்தருவி ரோட்டில், இதைப் பழக முடியுமா? ஒரு சுலப வழி இருக்கிறது. ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தை ஒரு கையால் பிடியுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையைக் கொண்டு போங்கள். அவ்வளவுதான். அறுவடை முடிந்த வயலில் அரை மணி நேரம் பழகினால் கை வந்துவிடும்.

மலை இறங்கியதும் பிரானூர் பார்டரில் பரோட்டாக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. வண்டியை நிறுத்த நல்ல இடம். கடைக்குள் போவதற்கு முன்னால் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டு போங்கள். எல்லாம் ஒரே மாதிரி வெதுவெதுப்பாக இருந்தால் சாப்பிடப் போகலாம். ஒன்று மட்டும் அனல் அடித்தால் பேரிங் காய்ந்திருக்கிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆறவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் பரோட்டா தட்டுக்கு வந்துவிடும்.